மூன்று ஜிபிஎஸ் கருவிகளும் ஓர் இருட்டிய மாலையும்

கையில் பிடித்துக்கொண்டு நடக்கும் ஒரு ஜிபிஎஸ் கருவியைச் சரியாகத் தேர்ந்தெடுக்க எனக்கு எட்டு மாதம் பிடித்தது. மூன்று கருவிகள் வாங்கினேன். முதல் இரண்டில் போட்ட பணம் கிட்டத்தட்ட ஒன்றரை மாதச் சம்பளம். விற்றபோது அதில் மூன்றில் ஒரு பங்குகூடக் கைக்கு வரவில்லை. பணம் போனால் போகட்டும் என்று விட்டுவிடலாம். காட்டுக்குள் வெளிச்சம் மங்கிக்கொண்டிருக்க, அணைந்துபோன கருவியை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற அந்த மாலையைத்தான் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. வாங்குவதற்கு முன் விவரம் தெரிந்த ஒருவர் என்னை உட்காரவைத்து அரைமணி நேரம் பேசியிருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது. அப்படி யாரும் எனக்கு அமையவில்லை. அதனால் நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதிவிடுகிறேன்.

ஜியோகேச்சிங் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. யாரோ ஒருவர் ஒரு பெட்டியை எங்காவது மறைத்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை வெளியிடுவார். நாம் அந்த எண்களை வைத்துத் தேடிப்போய்ப் பெட்டியைக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் ஏட்டில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, இருந்தபடியே வைத்துவிட்டு வரவேண்டும். அவ்வளவுதான். 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கம் வரை, பொதுமக்களுக்குக் கிடைக்கும் ஜிபிஎஸ் சிக்னலில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே ஒரு பிழையைக் கலந்து வைத்திருந்தது. அந்தப் பிழை நூறு மீட்டர் வரைகூட இருக்கும். அதை நீக்கிய அடுத்த நாளே, மே 3 அன்று, ஓரிகான் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியில் சில பொருள்களைப் போட்டு மறைத்து, அதன் எண்களை இணையத்தில் அறிவித்தார். அங்கே தொடங்கியதுதான் இந்த விளையாட்டு. இது வெறும் பொழுதுபோக்காக எனக்குப் படவில்லை. ஒரு கருவி சொல்லும் எண்ணை நம்பி முன்பின் தெரியாத இடத்துக்குப் போய், ஒரு கல்லைப் புரட்டும்போது அடியில் பெட்டி தெரிகிறதே, அந்த நொடிக்காக எத்தனை மைல் வேண்டுமானாலும் நடப்பேன்.

எல்லாரையும் போல நானும் போனில்தான் தொடங்கினேன். முதல் இருபது பெட்டிகளுக்குப் போனே போதுமானதாக இருந்தது. பூங்கா, சாலையோரம், ஊருக்குள் உள்ள பாலம் போன்ற இடங்களில் மட்டும் தேடப்போகிறீர்கள் என்றால் தனிக் கருவி வாங்க வேண்டிய தேவையே இல்லை. என்னுடைய சிக்கல் ஊரைத் தாண்டியதும் தொடங்கியது. நெட்வொர்க் போனதும் வரைபடம் வெறும் சாம்பல் நிறக் கட்டமானது. போனில் இருக்கும் ஜிபிஎஸ் ரிசீவருக்கு நெட்வொர்க் தேவையில்லை, வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்திருந்தால் வேலை நடந்திருக்கும் என்பதுகூட அப்போது எனக்குத் தெரியாது. உச்சி வெயிலில் போன் சூடேறித் திரை தானாக மங்கியது. பேட்டரி மதியத்துக்குள் பாதியானது. சரி, இதற்கென்றே செய்த கருவியை வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

முதலில் வாங்கியது பழைய கருவி, இன்னொருவர் பயன்படுத்தியது. விலை குறைவு என்பதைத் தவிர நான் வேறு எதையும் பார்க்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து வெளியில் வைத்து இயக்கினால், தேதி பத்தொன்பது வருடத்துக்கும் மேல் பின்னால் காட்டியது. ஏமாந்துவிட்டோம் என்று அன்றிரவு தூக்கமே வரவில்லை. பிறகுதான் காரணம் புரிந்தது. ஜிபிஎஸ் சிக்னல் வாரங்களை 0 முதல் 1023 வரை எண்ணிவிட்டு மறுபடி 0-க்குப் போய்விடும். 1999 ஆகஸ்டில் ஒருமுறை, 2019 ஏப்ரலில் இன்னொருமுறை அப்படித் திரும்பியது. மென்பொருள் புதுப்பிக்கப்படாத பழைய கருவிகள் அந்த 1024 வாரங்களைத் தவறவிட்டுவிடுகின்றன. என் கருவியில் இடம் சரியாகவே காட்டியது, தேதி மட்டும்தான் பிழை. ஆனாலும் பழைய கருவி வாங்கும்போது திறந்தவெளியில் இயக்கிச் சிக்னல் கிடைத்த பிறகு தேதியைப் பாருங்கள். அந்தக் கருவி எத்தனை வருடமாகக் கவனிக்கப்படாமல் கிடந்தது என்பதை ஒரே பார்வையில் சொல்லிவிடும். யுஎஸ்பி மூடியின் ரப்பர், சுற்றியிருக்கும் ரப்பர் பட்டை இரண்டையும் விரலால் அழுத்திப் பாருங்கள். பிசுபிசுவென்று ஒட்டினாலோ உரிந்து வந்தாலோ, தண்ணீர் புகாது என்ற பேச்சுக்கே இடமில்லை.

அந்தக் கருவியோடு வந்த கேபிள் இன்றைய எந்தக் கணினியிலும் பொருந்தாத பழைய வகை. அதனால் ஒவ்வொரு பெட்டியின் எண்களையும் கையால்தான் உள்ளிட்டேன். இங்கேதான் பெரிய அடி. ஜியோகேச்சிங்கில் இடத்தை டிகிரி, நிமிடம், நிமிடத்தின் தசமம் என்றுதான் எழுதுவார்கள். அன்றைக்கு நான் தேடிய பெட்டியின் அட்சரேகையில் நிமிடப் பகுதி 12.345. என் கருவியோ டிகிரி, நிமிடம், விநாடி என்ற முறையில் இருந்தது. நான் கொஞ்சமும் யோசிக்காமல் 12 நிமிடம் 34.5 விநாடி என்று தட்டிவிட்டேன். 34.5 விநாடி என்றால் 0.575 நிமிடம். இருக்கவேண்டியது 0.345. வித்தியாசம் 0.23 நிமிடம். அட்சரேகையில் ஒரு நிமிடம் ஏறத்தாழ 1,852 மீட்டர். ஆக, பெட்டி இருந்த இடத்திலிருந்து நானூறு மீட்டருக்கும் மேல் தள்ளி, முள்புதருக்குள் இரண்டரை மணி நேரம் ஒவ்வொரு வேராகத் தடவிக்கொண்டிருந்தேன். முழங்கையெல்லாம் கீறல். பெட்டியை யாரோ எடுத்துப்போய்விட்டார்கள் என்றுகூட மனதுக்குள் திட்டினேன். எந்தக் கருவி வாங்கினாலும் முதல் வேலையாகச் செட்டிங்ஸில் இரண்டை உறுதி செய்துகொள்ளுங்கள்: எண் முறை டிகிரியும் தசம நிமிடமுமாக இருக்கவேண்டும், அடிப்படை அளவீடு, அதாவது எண்களைப் பூமியின் மேல் பொருத்தும் முறை, டபிள்யூஜிஎஸ்84 ஆக இருக்கவேண்டும். கையால் எண்ணைத் தட்டாமல், ஜிபிஎக்ஸ் எனப்படும் இடத்தகவல் கோப்பாகக் கணினியிலிருந்து ஏற்றிக்கொள்ளும் வசதி இருந்தால் இந்தத் தவறுக்கு வழியே இல்லை. பெட்டியின் விவரணை, குறிப்பு, முன்பு கண்டுபிடித்தவர்கள் எழுதியது எல்லாம் கருவிக்குள்ளேயே வந்துவிடும். ஜியோகேச்சிங்குக்கென்று வாங்குபவர்கள் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

அந்த முதல் கருவியில் இன்னொரு குறை, உள்ளே திசைகாட்டி கிடையாது. நடந்துகொண்டிருக்கும்வரை அம்பு சரியாகக் காட்டும். நின்றுவிட்டால் அதற்கு நாம் எந்தப் பக்கம் பார்க்கிறோம் என்று தெரியாது, தன் போக்கில் திரும்பும். பெட்டியைத் தேடும்போது நாம் நின்று நின்றுதானே பார்ப்போம்? கடைசி இருபது மீட்டரில் முன்னும் பின்னும் நடந்து நடந்தே நொந்துபோனேன். சிக்னல் பிடிக்கவும் நேரமாகும். பல மாதம் அலமாரியில் கிடந்த கருவி, எல்லாச் செயற்கைக்கோள்களின் தோராயமான இருப்பிடப் பட்டியலையும் வானத்திலிருந்து முழுமையாக வாங்கிமுடிக்க 12.5 நிமிடம் எடுக்கும். நான் மரங்களுக்கடியில் நடந்துகொண்டே இயக்கிவிட்டு, வேலை செய்யவில்லை என்று சலித்துக்கொள்வேன். இப்போதெல்லாம் வண்டியை நிறுத்தியதும், வானம் தெரியும் இடத்தில் கருவியை வைத்துவிட்டுத்தான் காலணி நாடாவையே கட்டுகிறேன்.

இந்த வெறுப்பில்தான் இரண்டாவது கருவியில் பெரிய தொகையைக் கொட்டினேன். ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம். பெரிய வண்ணத் தொடுதிரை, போனைப் போலவே வழுக்கிக்கொண்டு போகும் வரைபடம், ஏராளமான நினைவகம், உள்ளேயே பொருத்தப்பட்ட பேட்டரி. கடையின் விளக்கொளியில் அது மின்னிய மின்னலில் மயங்கிவிட்டேன் என்பதுதான் உண்மை. ஒரு நிமிடம் வெளியே எடுத்துப்போய் வெயிலில் பார்க்கட்டுமா என்று கேட்கத் தோன்றவில்லை. இரண்டு வாரம் சுகமாகத்தான் போனது. வெயிலில் திரை மங்கலாக இருந்ததால் பின்னொளியை முழுதாக ஏற்றி வைத்துக்கொள்ளும் பழக்கம் மட்டும் எனக்கு வந்துவிட்டது. அது பேட்டரியை எவ்வளவு தின்கிறது என்று நான் கணக்குப் பார்க்கவில்லை.

அந்த நாள் வந்தது. ஏழு கிலோமீட்டர் உள்ளே நடக்கவேண்டிய காட்டுப் பாதை, வழியில் நான்கு பெட்டிகள். தனியாகப் போனேன். புதுக் கருவி இருக்கிற தைரியத்தில் பவர் பேங்கை வண்டியிலேயே விட்டுவிட்டேன். இரண்டு பெட்டிகள் கிடைத்தன. மூன்றாவதைத் தேடும்போது தூறல் பிடித்தது. தொடுதிரையில் விழுந்த ஒவ்வொரு துளியும் ஒரு விரலாகிவிட்டது. வரைபடம் தானாக நகர்ந்தது, பெரிதானது, நான் தேர்ந்தெடுத்திருந்த பெட்டி மாறி வேறொன்றுக்கு அம்பு காட்டியது. ஈர விரலால் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன், இன்னும் மோசமானது. அது போதாதென்று, சாலையில் வண்டி ஓட்டுவதற்கான ஓர் அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தது. நாம் இருக்கும் இடத்தைப் பக்கத்தில் உள்ள பாதையின் மேல் இழுத்து ஒட்டிக் காட்டும் அமைப்பு அது. நான் பாதையை விட்டு முப்பது மீட்டர் உள்ளே நின்றிருந்தேன், கருவி என்னைப் பாதையிலேயே வைத்திருந்தது. அதை நம்பி இன்னும் உள்ளே போனேன். நடக்கும்போது இந்த அமைப்பை அணைத்துவிட வேண்டும் என்று அதற்குப் பிறகுதான் கற்றுக்கொண்டேன். மாலை ஐந்தரை மணிவாக்கில் திரை ஒருமுறை மினுக்கிவிட்டு அணைந்தது. நான் வந்த வழி முழுவதும் அதற்குள்தான் பதிவாகியிருந்தது.

பயத்தை மறைத்து எழுதுவதில் யாருக்கும் பயனில்லை. வாய் உலர்ந்துவிட்டது. பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்தேன். திரும்பி வந்த வழியே போகலாம் என்று இருநூறு அடி நடந்தேன், எல்லா மரமும் ஒன்றுபோல இருந்தது. போனில் ஒன்பது சதவீதம், நெட்வொர்க் இல்லை. வீட்டில் என் மனைவி, "உங்க கையிலதான் ஜிபிஎஸ் இருக்கே, எங்க இருக்கீங்கன்னு தெரிஞ்சுடும்ல" என்று காலையில் கேட்டிருந்தாள். நானும் தலையாட்டிவிட்டு வந்திருந்தேன். தவறான நம்பிக்கை அது. சாதாரண ஜிபிஎஸ் கருவி சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் சிக்னலைக் கேட்க மட்டும்தான் செய்கிறது. நாம் எங்கே இருக்கிறோம் என்று அது யாருக்கும் சொல்லாது. செய்தி அனுப்பும் திறன் வேண்டுமென்றால், கார்மின் இன்ரீச் போல இரிடியம் செயற்கைக்கோள் வழியாகப் பேசும் தனி வகைக் கருவி வேண்டும், அதற்குச் சந்தாவும் கட்ட வேண்டும். தனியாக நெட்வொர்க் இல்லாத இடத்துக்குப் போகிறவர்கள் இந்த வேறுபாட்டை வாங்கும் முன்பே வீட்டாரோடு பேசிவிடுங்கள். போகும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதி வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

என்னைக் காப்பாற்றியது சட்டைப் பையில் இருந்த ஒரு துண்டுத் தாள். வண்டி நிறுத்தும் இடத்தின் எண்களைக் காலையில் அதில் குறித்து வைத்திருந்தேன். போனை விமானப் பயண முறைக்கு மாற்றினேன். அந்த நிலையிலும் என் போனில் ஜிபிஎஸ் வேலை செய்தது. இருக்கும் இடத்தின் எண்களைக் காட்டும் ஒரு சின்னச் செயலி அதில் இருந்தது. முள்புதரில் பட்ட பாட்டுக்குப் பிறகு அதையும் தசம நிமிட முறைக்கு மாற்றி வைத்திருந்தேன். தாளில் அட்சரேகை நிமிடம் 41.902. போனில் 43.210. ஆக 1.308 நிமிடம், தெற்கே சுமார் 2.4 கிலோமீட்டர். நான் இருந்தது வட அரைக்கோளம் என்பதால் எண் குறையக் குறையத் தெற்கே போகிறேன் என்று அர்த்தம். தீர்க்கரேகையில் அரை நிமிடத்துக்குச் சற்று அதிகமான வித்தியாசம், மேற்கே ஒரு கிலோமீட்டருக்குள். போனை அணைத்தேன். சின்ன டார்ச் வெளிச்சத்தில் கால் மணி நேரம் தெற்கே நடப்பேன். பிறகு போனை இயக்கி எண் குறைந்திருக்கிறதா என்று பார்ப்பேன். 42.9, 42.6, 42.5 என்று அது இறங்கியதைப் பார்த்த நிம்மதியைச் சொல்ல வார்த்தை இல்லை. ஒருமுறை புதரைச் சுற்றிப் போனதில் எண் ஏறியிருந்தது. அப்போது உட்கார்ந்து அழுதேன். பிறகு எழுந்து நடந்தேன். இரவு பத்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வண்டியின் கண்ணாடியில் டார்ச் வெளிச்சம் பட்டுத் திரும்பியது.

ஒரு மாதம் எந்தக் கருவியையும் தொடவில்லை. அதன் பிறகு ஒரு நடைப்பயணத்தில், பல வருடமாகப் பெட்டி தேடும் பெரியவர் ஒருவரோடு நடக்கும் வாய்ப்புக் கிடைத்தது. அவர் கையில் இருந்தது சின்னத் திரையும் பொத்தான்களுமாக, பார்க்க ரொம்பச் சாதாரணமான கருவி. என் கதையைக் கேட்டுவிட்டு அதை அப்படியே நீட்டினார். "இன்னிக்கு முழுக்க நீங்களே வச்சுக்குங்க தம்பி. வெயில்ல பாருங்க, ஈரக் கையால அமுக்குங்க, பேட்டரியைக் கழட்டி மாட்டுங்க. அப்புறம் வாங்குறதைப் பத்திப் பேசலாம்" என்றார். அந்த ஒரு நாளில் கற்றது, அதற்கு முன் படித்த அத்தனை விளம்பரத் தாள்களையும் விட அதிகம். கருவி வாங்க நினைக்கும் எவரும் முதலில் ஒன்றை ஒருநாள் இரவல் வாங்கி நடந்து பாருங்கள்.

அன்று நான் கவனித்ததை வைத்துத்தான் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தேன். முதலில் திரை. வெளியில் பயன்படுத்தும் நல்ல கருவிகளில் சூரிய வெளிச்சத்தையே பயன்படுத்திக்கொள்ளும் வகைத் திரை இருக்கும். வெயில் ஏற ஏறத் தெளிவாகத் தெரியும், பின்னொளியே வேண்டாம். வீட்டுக்குள் பார்த்தால் அது மங்கலாக, பழையதுபோலத் தெரியும். அதைப் பார்த்துத்தான் நான் முன்பு ஒதுக்கிவிட்டேன். அடுத்து பேட்டரி. எந்தக் கடையிலும் கிடைக்கும் ஏஏ பேட்டரியில் ஓடுவதையே எடுத்தேன், ஏனென்றால் காட்டில் நின்றபடி பத்து விநாடியில் மாற்ற முடியும். சார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் வகை பேட்டரி 1.2 வோல்ட், சாதாரண ஆல்கலைன் 1.5 வோல்ட். எதைப் போட்டிருக்கிறோம் என்று செட்டிங்ஸில் சொல்லாவிட்டால், பேட்டரி அளவு தவறாகக் காட்டும். கடுங்குளிரில் போகிறவர்களுக்கு லித்தியம் ஏஏ நல்லது, எடையும் குறைவு. உள்ளே பொருத்திய பேட்டரி உள்ள கருவிகளே கூடாது என்று நான் சொல்லமாட்டேன், பல கருவிகள் நீண்ட நேரம் ஓடுகின்றன. ஆனால் பவர் பேங்கும் கேபிளும் கூடவே நடக்க வேண்டும்.

திசைகாட்டி விஷயத்தில் நான் கறாராக இருந்தேன். மூன்று அச்சுத் திசைகாட்டி இருந்தால் கருவியை எப்படிச் சாய்த்துப் பிடித்தாலும் சரியாகக் காட்டும். இரண்டு அச்சு என்றால் தட்டையாகவே பிடிக்க வேண்டும். ஒரே பெயர் வரிசையில் வரும் கருவிகளுக்குள்ளேயே இதில் வேறுபாடு இருக்கும் என்பதைக் கவனியுங்கள். கார்மின் ஈட்ரெக்ஸ் 22எக்ஸ், 32எக்ஸ் இரண்டும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். 32எக்ஸில் மூன்று அச்சுத் திசைகாட்டியும் காற்றழுத்தத்தைக் கொண்டு உயரம் காட்டும் வசதியும் உண்டு, 22எக்ஸில் இரண்டும் கிடையாது. உயரம் காட்டும் வசதி மலையேறுபவர்களுக்கு உதவும். பெட்டி தேடுபவருக்கு அது இல்லாமலும் ஓடும், திசைகாட்டி இல்லாமல் ஓடாது என்பது என் தீர்மானம். பேட்டரி மாற்றும்போதெல்லாம் திசைகாட்டியைச் சீரமைத்துக்கொள்ளுங்கள். காந்த மூடி போட்ட போன் உறையை அதே கையில் பிடிக்காதீர்கள்.

எத்தனை செயற்கைக்கோள் அமைப்புகள் என்று விளம்பரத்தில் பெரிதாகப் போடுவார்கள். அமெரிக்காவின் ஜிபிஎஸ்ஸோடு ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ சேர்ந்தால் மரங்களுக்கடியில் நிச்சயம் உதவும். இரண்டு அலைவரிசைகளில் சிக்னல் வாங்கும் புதிய வகை, பாறைச் சுவரில் பட்டுத் திரும்பும் சிக்னலால் வரும் பிழையைக் குறைக்கும். பள்ளத்தாக்குகளில் நடப்பவர்கள் அதற்குப் பணம் கொடுக்கலாம். திறந்தவெளியில் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வரைபடத்துக்காக அதிகப் பணம் கொடுக்க வேண்டாம். தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் தகவலிலிருந்து செய்த இலவச வரைபடங்களைப் பல கருவிகளில் ஏற்றிக்கொள்ளலாம். ஐபிஎக்ஸ்7 என்று போட்டிருந்தால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரைமணி நேரம் தாங்கும் என்று பொருள், மழைக்கு அது தாராளம்.

போன மாதம் அதே காட்டுப் பாதைக்கு மறுபடி போனேன், காலையிலேயே. வண்டியை நிறுத்தியதும் அந்த இடத்தைக் கருவியில் குறித்தேன், தாளிலும் எழுதினேன். அன்றைக்கு மழையில் விட்டுவந்த மூன்றாவது பெட்டியை நோக்கி நடந்தேன். கருவி நான்கு மீட்டர் என்று காட்டியதும் அதைக் கழுத்தில் தொங்கவிட்டுவிட்டேன். என் கருவியில் சில மீட்டர் பிழை இருக்கும், மறைத்தவர் குறித்தபோது அவர் கருவியிலும் இருந்திருக்கும், இரண்டும் சேர்ந்தால் பத்து மீட்டர்கூட ஆகலாம். அந்த வட்டத்துக்குள் கண்தான் தேட வேண்டும். விழுந்துகிடந்த மரத்தின் அடியில், மூன்று கற்கள் மட்டும் கொஞ்சம் ஒழுங்காக அடுக்கியதுபோல இருந்தன. நடுக்கல்லை எடுத்தேன். பச்சை மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா. ஏடு லேசாக ஈரம் கண்டிருந்தது. அன்றைக்கு நான் நின்று கருவியைத் துடைத்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து அது எட்டடி தூரம்கூட இருக்காது. தேதியையும் பெயரையும் எழுதி, கற்களை இருந்தபடியே அடுக்கிவிட்டு நான்காவதைத் தேடிப் போனேன்.